நன்கொடைக்காகப் போட்டி நடத்தலாமா? கடலூர், புதுச்சேரி மன்றங்களுக்கான வழிமுறை

பள்ளிக்குக் கழிப்பறை கட்ட, டயாலிசிஸ் நோயாளிக்கு உதவ, வெள்ளத்தில் நனைந்த நூலகத்தைத் திரும்ப அடுக்க என்று ஏதோ ஒரு நல்ல காரியத்துக்காக ஊர் மன்றம் ஒன்று கேரம் போட்டியோ கிரிக்கெட் போட்டியோ அறிவிக்கிறது. கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "லைசென்ஸ் ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான்.

அப்படி ஒரு லைசென்ஸே இங்கே கிடையாது. இணையத்தில் தேடினால் கண்ணில் படுவது அமெரிக்க மாநிலங்களின் விண்ணப்பப் படிவங்கள். அங்கே பல மாநிலங்களில் தொண்டு நிறுவனங்கள் கட்டணம் கட்டி உரிமம் வாங்கி பிங்கோ, குலுக்கல் எல்லாம் நடத்தலாம். தமிழ்நாட்டில் எவ்வளவு பணம் கட்டினாலும், காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதிர்ஷ்ட விளையாட்டுக்கு அனுமதி வாங்க முடியாது. 2003 ஜனவரியிலேயே லாட்டரி விற்பனையை மாநிலம் நிறுத்திவிட்டது. அரசு நடத்தாத, அரசு அனுமதிக்காத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஒரு குலுக்கலுக்கு விளம்பரம் வெளியிடுபவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். இது மத்தியச் சட்டம் என்பதால் முள்ளோடை எல்லையைத் தாண்டி புதுச்சேரிக்குள் போனாலும் இதே கதைதான்.

ஆகவே வேலை இரண்டு. ஆட்டத்தில் அதிர்ஷ்டம் நுழையாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. பணம் எந்தக் கையில் வந்து எந்தக் கையில் போகிறது என்பதைக் கண்ணாடி மாதிரி வைப்பது இன்னொன்று. இந்த இரண்டும் சரியாக இருந்தால் காவல் நிலைய அனுமதி பெரிய பாடில்லை.

எந்த ஆட்டம் சரி, எது வம்பு

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930இன் 11ஆம் பிரிவுதான் நமக்குக் கை கொடுப்பது. முழுக்கத் திறமையைச் சார்ந்த ஆட்டங்களுக்குச் சூதாட்ட வீடு தொடர்பான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்கிறது அது. கேரம், சதுரங்கம், இறகுப்பந்து, கபடி, வாலிபால், டென்னிஸ் பந்து கிரிக்கெட் எல்லாம் இந்தப் பக்கம். நுழைவுக் கட்டணம் வாங்கலாம், பரிசும் தரலாம்.

சீட்டில் ரம்மி திறமை ஆட்டம் என்று 1967இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, பந்தயப் பணத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. "நன்கொடைக்குத்தானே எடுக்கிறோம்" என்று ஜாக்பாட்டிலிருந்து பத்து சதவீதம் பிடிக்கிற மன்றம் இந்த இடத்தில்தான் காலை வைக்கிறது. எங்கள் கருத்து, நன்கொடைப் போட்டியில் சீட்டுக்கட்டே வேண்டாம். மூணு சீட்டு, மங்காத்தா, உள்ளே வெளியே பற்றிப் பேசவே தேவையில்லை.

தம்போலா என்கிற ஹவுசி? குடும்ப விழாவில் பொழுதுபோக்காக எண் கூப்பிடுவது வேறு. டிக்கெட் விற்று, விற்ற பணத்திலிருந்து பரிசு கொடுத்தால் அது குலுக்கல்தான். யார் ஜெயிப்பது என்பதைப் பையிலிருந்து வரும் எண் தீர்மானிக்கிறது. ஆடுபவர் கையில் ஒன்றுமில்லை.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது போட்டியில் இல்லை, போட்டியின் ஓரத்தில். நுழைவுச்சீட்டின் மூலையில் ஓர் எண் அச்சடித்து, "மாலை 6 மணிக்கு அதிர்ஷ்டசாலிக்கு மிக்ஸி" என்று போட்டுவிடுவார்கள். அந்த நிமிடமே கேரம் போட்டிக்குள் லாட்டரி வந்துவிட்டது. டி-ஷர்ட் வாங்கினால் கூப்பன், கூப்பனில் குலுக்கல் என்பதும் அப்படித்தான். பொருள் வாங்கியவர்களில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்து பரிசு தருவதைத் தடுக்கவே தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம் 1979 இருக்கிறது. ஜவுளிக்கடை செய்கிறதே, நாங்கள் செய்தால் என்ன என்று கேட்பவர்கள், ஜவுளிக்கடைக்கு வக்கீல் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

யாருடன் யார் மோதுவது என்பதற்குச் சீட்டு எழுதிப் போடலாம், அது ஆட்ட ஏற்பாடு. பரிசு யாருக்கு என்பதற்குச் சீட்டுப் போடக் கூடாது. மழையால் இறுதிப் போட்டி நின்றுவிட்டால் நாணயம் சுண்டி 10,000 ரூபாயை ஒரு பக்கம் தூக்கிக் கொடுக்காதீர்கள். முதல், இரண்டாம் பரிசுகளைக் கூட்டிச் சமமாகப் பிரியுங்கள். விதித்தாளில் இதை முன்பே எழுதிவையுங்கள்: "ஆட்டம் முடிக்க முடியாவிட்டால் பரிசு சமமாகப் பகிரப்படும்." அன்று மாலை சண்டையும் இருக்காது.

செல்பேசி விளையாட்டுகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. 2025 ஆகஸ்ட்டில் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டத்தைத் தடுக்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அங்கே கிடையாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் வரலாம். பதிவுபெற்ற மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) போட்டிக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் தெருமுனை மன்றத்தின் ஃப்ரீ ஃபயர் போட்டி அந்த வகையில் வராது. இளைஞர்கள் வற்புறுத்தினால் நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடத்துங்கள், பரிசை ஒரு கடைக்காரர் தரட்டும், நன்கொடைப் பெட்டியைத் தனியாக வையுங்கள்.

யார் பெயரில் நடத்துவது

தனி ஆள் பெயரில் வேண்டாம். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கமோ, பதிவான அறக்கட்டளையோ நடத்தட்டும். பதிவு இல்லாத நண்பர் குழுவாக இருந்தால், பதிவான ஒரு சங்கத்தோடு சேர்ந்து, அவர்கள் ரசீதுப் புத்தகத்தில், அவர்கள் வங்கிக் கணக்கில் பணம் வாங்குங்கள். செயலாளர் மச்சானின் க்யூஆர் கோடை மேசையில் ஒட்டிவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் மச்சானுடைய வருமானம்.

செயற்குழுவில் தீர்மானம் போட்டு, தேதி, இடம், பரிசுத் தொகை, பணம் யாருக்குப் போகிறது என்பதை நிகழ்ச்சிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பின்னால் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

தேதி, இடம்

திறந்தவெளிப் போட்டிக்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை தேதி வைக்காதீர்கள். 2011இல் தானே புயல் கரையேறியது டிசம்பர் 30 அதிகாலை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியையும் கடலூரையும் சேர்த்து முக்கியது. பொங்கலுக்குப் பிறகு செப்டம்பர் வரை தோதான காலம். அதிலும் மாசி மகத்தன்று வேண்டாம். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சாமிகள் கடலாட வரும் நாளில் உங்கள் போட்டிக்கு ஒரு காவலர்கூட மிச்சமிருக்க மாட்டார்.

கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் வேண்டுமானால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கடிதம் கொடுக்க வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானம் பெரியது, அரசு விழாவோ பொதுக்கூட்டமோ குறுக்கே வந்தால் கடைசி நேரத்தில் கை நழுவும். புதுச்சேரியில் உப்பளம் இந்திராகாந்தி விளையாட்டரங்கம். உள்ளரங்கப் போட்டியென்றால் திருமண மண்டபமே வசதி. மண்டபக்காரரிடம் பொதுமக்கள் கூடுவதற்கான உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்தால் வாடகையும் குறையும்.

காவல் நிலையக் கடிதம்

குறைந்தது 15 நாள் முன்பு. இடம் எந்தக் காவல் நிலைய எல்லையோ அந்த ஆய்வாளருக்கு முகவரியிட்டு, நகல் துணைக் கண்காணிப்பாளருக்கு. கடலூரில் புதுநகர், முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் எல்லைகள் தெருவுக்குத் தெரு மாறும். மண்டபத்துக்காரரிடமே எந்த நிலையம் என்று கேட்டுவிட்டுப் போவது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: நாள், தொடங்கும் முடியும் நேரம், எத்தனை ஆட்டக்காரர், எத்தனை பார்வையாளர், வண்டி நிறுத்தும் இடம், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண். கூடவே இந்த ஒரு வரி: "இப்போட்டியில் குலுக்கல், அதிர்ஷ்டப் பரிசு, பந்தயம், சீட்டாட்டம் எதுவும் இடம்பெறாது என உறுதியளிக்கிறோம்." இந்த வரி இருந்தால் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். இணைப்பாகச் சங்கப் பதிவுச் சான்று, தீர்மான நகல், இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், விதித்தாள். இரண்டு படி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். "சொல்லிட்டீங்கல்ல, போங்க" என்று வாய்வார்த்தையாக அனுப்பினால் அது அனுமதி ஆகாது. பத்தாம் நாள் போய்ப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை. கூம்பு வைக்காதீர்கள், பெட்டி ஸ்பீக்கர் போதும். கபடி, கிரிக்கெட் என்றால் அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனைகள் வரும்: பனியனில் சாதி, கட்சி அடையாளம் கூடாது, முதலுதவி இருக்க வேண்டும் என்பது மாதிரி. விளம்பரத் தட்டி வைப்பதாக இருந்தால் மாநகராட்சியிடமோ நகராட்சியிடமோ தனி அனுமதி. தட்டியே வேண்டாம் என்போம். ஒரு வாட்ஸ்அப் படம் அதைவிட அதிகம் பேரைக் கொண்டுவரும். பார்வையாளருக்கு டிக்கெட் விற்பதாக இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் கேளிக்கை வரி பற்றி உள்ளாட்சி வருவாய்ப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். எங்களைக் கேட்டால் பார்வையாளரை இலவசமாகவே விட்டுவிட்டு உண்டியல் வையுங்கள் என்போம். டீ, போண்டா கடை போட்டால் போடுபவரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சிறு வியாபாரிக்கு அது ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

ஆட்ட நேரக் கணக்கு

கேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றையர், 64 பேர், தோற்றவர் வெளியே என்ற முறை. மொத்தம் 63 ஆட்டங்கள். ஒரு ஆட்டம் மூன்று செட், ஒவ்வொரு செட்டும் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு (ஒரு பக்கக் காய்கள் தீரும்வரை ஆடுவது ஒரு போர்டு). சராசரியாக 45 நிமிடம் வையுங்கள். எட்டுப் பலகைகள் இருந்தால் முதல் சுற்றின் 32 ஆட்டத்துக்கு நான்கு தவணை, அடுத்த 16க்கு இரண்டு, காலிறுதிக்கு முந்தைய எட்டுக்கு ஒன்று, பிறகு காலிறுதி, அரையிறுதி, இறுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை. ஆகப் பத்து. பத்து முறை 45 நிமிடம் என்றால் ஏழரை மணி நேரம். காலை 9 மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டால் மாலை 5.15. ஆறு பலகைதான் கிடைத்தது என்றால் முதல் சுற்றே ஆறு தவணை ஆகிவிடும், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது இரண்டு. இறுதி ஆட்டம் முடிய இரவு எட்டுக்கு மேல் ஆகும், தலைமை விருந்தினர் கிளம்பிப் போயிருப்பார். அப்படியானால் முதல் சுற்றை ஒரே செட்டாக வையுங்கள்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்த ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவருவார்கள். பதிவு மேசையிலேயே நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சிறு தராசு வைத்து நிறுத்துவிடுங்கள், அரையிறுதியில் கிளம்பும் தகராறு காலையிலேயே தீர்ந்துவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே பலகை போடாதீர்கள், பவுடர் பறக்கும். விளக்கு பலகைக்கு மேலே தொங்கட்டும்.

பார்வையாளர்களில் நாலு பேர் மூலையில் நின்று அடுத்த பாயின்ட் யாருக்கு என்று நூறு ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால் அது பந்தயம், அதாவது சூதாட்டம். இடம் உங்களுடையது, பெயரும் உங்களுடையது. முதல் முறை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், இரண்டாம் முறை வெளியே அனுப்புங்கள். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் இது இன்னும் மோசம், எல்லைக்கோட்டுப் பக்கம் ஒரு ஆளை இதற்கென்றே நிறுத்த வேண்டியிருக்கும்.

பணக்கணக்கு, நேர்மையாக

64 பேர், தலைக்கு 300 ரூபாய்: 19,200. பரிசுக்கு நன்கொடையாளர் தந்தது 25,000 என்று வைத்துக்கொள்வோம். வரவு 44,200. செலவு: பரிசு 10,000, 5,000, பிறகு இரண்டு பேருக்கு 2,500 வீதம், மொத்தம் 20,000. மண்டபம் 6,000. நடுவர்கள் எட்டுப் பேருக்கு 600 வீதம் 4,800. 90 சாப்பாடு 70 ரூபாய் வீதம் 6,300. கோப்பைகள் 3,000. மைக்செட் 1,500. ஆக 41,600. நோயாளிக்கு மிஞ்சுவது 2,600 ரூபாய். இதற்காகவா பதினைந்து பேர் ஒரு மாதம் ஓடினீர்கள்?

மாற்ற வேண்டியது பரிசையும் சாப்பாட்டையும் மண்டபத்தையும். பரிசை 5,000, 3,000, இரண்டு ஆயிரங்கள் என்று 10,000க்குள் கொண்டுவாருங்கள். நன்கொடைப் போட்டிக்கு வருபவர்கள் கோப்பைக்கே சந்தோஷப்படுவார்கள். சாப்பாட்டை ஒரு வீட்டார் ஏற்கட்டும். சங்கக் கட்டடத்திலேயே நடத்துங்கள். நடுவர், கோப்பை, மைக் போக 24,900 கையில் நிற்கும். விதித்தாளில் பரிசு நன்கொடையாளர் பணத்திலிருந்து, நுழைவுக் கட்டணம் நடத்தும் செலவுக்கும் உதவிக்கும் என்று பிரித்து எழுதுங்கள். ஆட்டக்காரர் கட்டிய பணமே சுற்றி வந்து பரிசாகும்போதுதான் பந்தயத் தொகை என்ற சந்தேகம் எழுகிறது.

வரி விஷயம். ஒருவருக்கான பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பற்றிய கேள்வி வரும். வருமான வரியின் பழைய 194பி விதி "எவ்வகை ஆட்டமும்" என்று அகலமாகப் பேசுகிறது. விளையாட்டுப் போட்டிக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டர்களிடையே வாதம் உண்டு. அந்த வாதத்துக்குள் போகாமலிருக்கச் சுலபமான வழி முதல் பரிசைச் சரியாக 10,000த்தில் நிறுத்துவது. 15,000 தந்தே ஆக வேண்டுமென்றால் 4,500 பிடித்து 10,500 கொடுத்து, ஆட்டக்காரரின் பான் எண் வாங்கி, சங்கத்தின் டான் எண்ணில் (வரி பிடிப்பவருக்கான எண்) கட்ட வேண்டும். பரிசு ஸ்கூட்டர் என்றால் வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்பே வரி கட்டியாக வேண்டும், ஜெயித்தவர் கையிலிருந்து பணம் வாங்கியாவது. மேடையில் யாருக்கும் அது பிடிக்காது. ஜிஎஸ்டி, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சங்கத்துக்குத் தலைவலி இல்லை.

நுழைவுக் கட்டணத்துக்கு 80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை தரும் ரசீது) தரக் கூடாது. அவர் ஆட வந்தார், அதற்கான விலை கொடுத்தார், அது நன்கொடை அல்ல. பரிசுக்கும் உதவிக்கும் சும்மா கொடுத்தவருக்கு மட்டுமே அந்த ரசீது, அதுவும் சங்கத்துக்கு 80ஜி பதிவு இருந்தால். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது, ஆகவே வங்கி வழியாகவே வாங்குங்கள்.

புதுச்சேரிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பாரிஸிலிருந்து சித்தப்பா ஐநூறு யூரோ அனுப்புகிறேன் என்பார். அவர் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், பிறந்தது குருசுக்குப்பமாகவே இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதில் ஒரு காசும் தொடக் கூடாது. லீவுக்கு ஊருக்கு வந்தபோது ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படித்தான். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை செய்பவர் தருவது தடையில்லை. வாங்கும் முன் பாஸ்போர்ட் நிறத்தை விசாரிப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும், ஆனாலும் கேளுங்கள்.

இன்னொன்று, பரிசாக மது பாட்டில் வேண்டவே வேண்டாம். ஜெயித்தவர் கடலூர்க்காரராக இருந்தால் எல்லைச் சோதனைச் சாவடியில் கோப்பையோடு அவரும் நிற்க வேண்டியிருக்கும்.

போட்டி முடிந்த பிறகு

அன்று இரவே, எல்லோரும் கலையும் முன், மேசையில் பணத்தைக் கொட்டி மூன்று பேர் எண்ணிக் கையெழுத்திடுங்கள். ரசீது அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகை, க்யூஆர் கணக்கு, உண்டியல் ஆகிய மூன்றும் தனித்தனி வரியில். மறுநாள் ரொக்கத்தை முழுசாக வங்கியில் கட்டுங்கள், செலவை அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கையில் இருந்ததிலேயே மைக்செட்டுக்குக் கொடுத்துவிட்டோம் என்றால் வரவே குறைந்ததுபோல் கணக்கில் தெரியும்.

உதவித் தொகையை நோயாளியின் உறவினர் கையில் கொடுப்பதைவிட மருத்துவமனை பெயருக்குக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பள்ளிக்கென்றால் தலைமையாசிரியர் பதவிப் பெயரில் உள்ள கணக்குக்கு. வரவு செலவை ஒரே தாளில் எழுதி, பரிசு கொடுத்தவர்களுக்கும் ஆடிய 64 பேருக்கும் அதே வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள், கூடவே மருத்துவமனை ரசீதின் படமும். ரசீதுப் புத்தகத்தில் மிச்சமிருக்கும் வெற்றுத் தாள்களில் குறுக்கே கோடு போட்டு, "ரத்து" என்று எழுதி, செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டிவையுங்கள்.